கஞ்சிக்கு வந்த கைகள்

திரையில் முத்து பீவியின் இரத்த அழுத்தம் ஒரே மாலைக்குள் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. நாடித் துடிப்பும் அதனோடு சேர்ந்து துள்ளியது. ஒரு மனித உடம்பு இப்படிச் செய்யாது. மென்பொருளுக்கும் அது தெரிந்திருந்தது. அந்த வரியைச் சிவப்பாக்கி, "நம்பத்தகாத கருவி. நீக்கலாமா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தது.

ஷாமினி அம்புக்குறியை அந்தப் பொத்தானின் மேல் வைத்தாள். ஏற்கெனவே சில வீடுகளை இப்படி நீக்கியிருந்தாள். ஒரு தட்டு தட்டினால் போதும், வரைகோடு அழகாகிவிடும்.

அவள் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தாள். மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் வசிக்கும், ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு, நாளின் எந்த நேரத்தில் இரத்த அழுத்தம் எப்படி மாறுகிறது என்பதுதான் கேள்வி. முன்பெல்லாம் வீடு வீடாகப் போய் அளந்து எழுதி வருவார்கள். இப்போது ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சிறிய கருவி. கையில் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அழுத்தினால், எண் நேராகப் பல்கலைக்கழகத்துக்கு வந்துவிடும். கருவியின் முகத்தில் எண் தெரியாது. தெரிந்தால் மக்கள் பயந்து உப்பைக் குறைப்பார்கள், ஆய்வு கெட்டுவிடும் என்று அப்படிச் செய்திருந்தார்கள். எண் வந்து சேர்ந்ததும் ஒரு பச்சை டிக் மட்டும் விழும். யாருக்காவது தொடர்ந்து மூன்று முறை ஆபத்தான அளவு வந்தால், ஷாமினியின் கைப்பேசிக்கு எச்சரிக்கை வரும். முத்து பீவியின் கருவியிலிருந்து அப்படி எதுவும் வந்ததில்லை.

அன்று நள்ளிரவுக்குள் தரவுகளைப் பூட்ட வேண்டும். பூட்டிவிட்டால் எதையும் மாற்ற முடியாது, அதன் பிறகுதான் பகுப்பாய்வு தொடங்கும். அவள் தன் மேற்பார்வையாளர் டாக்டர் சிவநேசனை அழைத்தாள்.

"சார், சுங்கை வேயில ஒரு வீடு. எண்ணெல்லாம் கன்னாபின்னான்னு இருக்கு. நோன்பு ஆரம்பிச்ச நாள்லேருந்துதான் இப்படி. சாயங்காலத்துல மட்டும்."

"நோன்புனால பிரஷர் கொஞ்சம் மாறும்மா. ஆனா இப்படிக் குதிக்காது. மெஷின் கெட்டிருக்கும், இல்லன்னா பட்டைய ஒழுங்கா கட்டல. விதி இருக்குல்ல, தூக்கிடு. உன்மேல தப்பில்ல."

அவர் சொன்னது சரி. விதி அப்படித்தான் இருந்தது. ஆனாலும் அவள் விரல் அழுத்தவில்லை. அந்தக் கலவரமான எண்களுக்கு நடுவே ஒன்று மட்டும் கலங்காமல் இருந்தது. ஒவ்வொரு மாலையும், அந்த எண்களின் கடைசியில், ஓர் உயரமான எண். நாளுக்கு நாள் அது கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே வந்திருந்தது. கெட்டுப்போன கருவி இவ்வளவு ஒழுங்காக ஏறுமா? அது வேறு யாரோ ஒருவருடைய உடம்பாக இருந்தால்?

முத்து பீவியை அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. கருவியை வைக்கப் போன அன்று, ஆய்விலிருந்து விலகியவர்களின் கணக்கு அவள் மனதை அழுத்திக்கொண்டிருந்தது. "என்னடீ பிள்ள, மூஞ்சி வாடிக் கெடக்கு?" என்று கேட்டு, அந்த அம்மாள்தான் ஒரு தட்டில் சூடான பணியாரம் வைத்துக் கொடுத்தார். "டேட்டா பத்தல ஆன்டி" என்று இவளும் வாய்விட்டுச் சொல்லியிருந்தாள்.

தொலைபேசியை முத்து பீவி எடுக்கவில்லை. ஷாமினி பையில் சோதனைக் கருவியை எடுத்து வைத்தாள். அது எண் காட்டும் கருவி. பிரிக்பீல்ட்ஸில் அவள் வாடகைக்கு இருந்த அறையின் மூலையில் ஓர் அம்மன் படம் இருந்தது. அதன் முன் ஒரு கணம் நின்றாள். யாருக்காக வேண்டுவது என்று தெரியவில்லை. "யாரா இருந்தாலும் நல்லா இருக்கட்டும் தாயே" என்று மட்டும் சொல்லிவிட்டு, சென்ட்ரல் நிலையத்துக்கு நடந்து கொமுட்டர் ரயில் ஏறினாள்.

*

அடுக்குமாடியின் நாலாவது மாடியில் மின்தூக்கியை விட்டு இறங்கியதுமே நோன்புக் கஞ்சி வாசம் வந்தது. இஞ்சி, பூண்டு, வெந்தயம், தேங்காய்ப்பால். முத்து பீவியின் வாசலிலிருந்து நடைபாதை நெடுக ஒரு வரிசை நின்றது. தூக்குச்சட்டியோடும் பிளாஸ்டிக் டப்பாவோடும் பெண்கள். பாதிப் பேர் நெற்றியில் பொட்டு வைத்திருந்தார்கள். வாசலில் ஒரு நாற்காலி. அதன் அருகே முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் பட்டையோடு முத்து பீவி.

"மொதல்ல கைய நீட்டு. அப்புறம்தான் கஞ்சி."

"பீவிக்கா, நேத்துதானே பாத்தீங்க" என்றாள் நாற்காலியில் இருந்த மலர்விழி. அடுத்த வீட்டுக்காரி.

"நேத்து குடிச்ச கஞ்சி இன்னைக்கு வயித்துல இருக்கா? நீட்டு லா."

கருவி உறுமியது. பச்சை டிக் விழுந்தது. "அல்ஹம்துலில்லாஹ். நீ நல்லா இருக்க. அடுத்த ஆள் வா."

ஷாமினிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "ஆன்டி! என்ன ஆன்டி இது?"

"வாடீ பிள்ள!" முத்து பீவியின் முகம் மலர்ந்தது. "எல்லாம் உனக்காகத்தான். டேட்டா பத்தலேன்னு அன்னைக்கு மூஞ்சத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போனியே, எனக்கு மனசே ஆறல. இந்த மாசத்துல வாசலுக்கு வந்த பிள்ளைய வெறுங்கையோட அனுப்பலாமா? கஞ்சிக்கு வர்றவங்க கையெல்லாம் புடிச்சிப் போட்டேன். இப்ப போதுமா? பத்தலேன்னா மேல் மாடிக்காரங்களையும் கூப்பிடறேன்."

உள்ளே பெரிய அண்டாவைக் கிண்டிக்கொண்டிருந்த அவர் கணவர் நூர் முகம்மது எட்டிப் பார்த்தார். பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் துணி விற்பவர். "வாம்மா. கீழ எல்லாம் கேக்குறாங்க, உங்க வீட்டுல கஞ்சி ஊத்துறாங்களா, கிளினிக் நடத்துறாங்களான்னு. டாக்டர் முத்து பீவின்னு ஒரு போர்டு அடிக்கக் குடுத்திருக்கேன்."

வரிசை முழுக்கச் சிரித்தது. ஷாமினியால் சிரிக்க முடியவில்லை. அந்த உயரமான எண் இந்த வரிசையில் யாரோ ஒருவருடையது.

"ஆன்டி, கோவிச்சுக்காதீங்க. அந்த மெஷின வச்சிடுங்க. நான் ஒரு தடவ எல்லாரையும் பாத்துடறேன்."

"ஏன், நான் தப்பாக் கட்டுறேனா?"

"நீங்க நல்லாத்தான் கட்டுறீங்க. இதுல ஒருத்தருக்குப் பிரஷர் ரொம்ப அதிகமா இருக்கு. யாருன்னு எனக்குத் தெரியணும்."

பெண்கள் தாங்களாகவே கையை நீட்டினார்கள். ஷாமினி தன் கருவியால் ஒவ்வொருவராக அளந்தாள். மலர்விழிக்கு நல்ல எண். அவளுக்குப் பின்னால் நின்றவருக்குக் கொஞ்சம் கூடுதல், ஆனால் பயமில்லை. முத்து பீவிக்கும் அளந்தாள். நூர் முகம்மதுவையும் விடவில்லை. வரிசை முடிந்துவிட்டது. திரையில் பார்த்த அந்த எண் யாரிடமும் இல்லை.

"தினமும் கடைசியா வர்றவங்க யாரு ஆன்டி? இன்னைக்கு யாராவது வரலையா?"

முத்து பீவி வரிசையைப் பார்த்தார். பிறகு, அண்டாவின் பக்கத்தில் மூடி வைத்திருந்த ஒரு சிறிய தூக்குச்சட்டியைப் பார்த்தார். கை மெல்ல நெஞ்சுக்குப் போனது.

"மாதவி. ரெண்டாவது மாடிப் பிள்ள. வேல விட்டு கடைசியாத்தான் வருவா. இன்னைக்குத் தலவலின்னு லீவு போட்டுப் படுத்திருக்கா. கஞ்சிய நானே கொண்டு போய்க் குடுக்கலாம்னு..." குரல் தேய்ந்தது. "யா அல்லாஹ். அவளுக்கு எட்டு மாசம்டீ."

*

மாதவியின் வீட்டுக் கதவு சாத்தாமல் இருந்தது. நெற்றியில் ஈரத்துணியோடு நீள் நாற்காலியில் படுத்திருந்தாள். பாதங்கள் இரண்டும் வீங்கிப் பளபளத்தன.

"லைட்டப் போடாதீங்கக்கா. கண்ணுக்குள்ள பூச்சி பறக்குற மாதிரி மினுக்கு மினுக்குன்னு இருக்கு."

ஷாமினி அருகில் உட்கார்ந்து பட்டையைச் சுற்றினாள். "கிளினிக்குக்கு எப்பக்கா போனீங்க?"

"போன தடவ போகல. ஃபேக்டரியில ஓவர்டைம். இவரும் லோரி எடுத்துக்கிட்டு ஈப்போ போயிட்டாரு. அதான் பீவிக்கா தினமும் பாக்குறாங்களே. டிக் வந்துச்சு, நல்லா இருக்கேன்னு விட்டுட்டேன்."

முத்து பீவி சுவரைப் பிடித்துக்கொண்டார்.

எண் வந்தது. ஷாமினி அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. நூற்று எழுபதைத் தாண்டியிருந்தது. பட்டையைக் கழற்றாமலே, "அங்கிள்கிட்ட வேன் இருக்குல்ல ஆன்டி?" என்று மட்டும் கேட்டாள்.

நூர் முகம்மது வேனிலிருந்த துணி மூட்டைகளைக் கீழே தரையிலேயே இறக்கிப் போட்டுவிட்டு வண்டியை எடுத்தார். மலர்விழி ஓடி வந்து, ஒரு பையில் மாற்றுத்துணியும் கிளினிக் புத்தகமும் திணித்துக் கொடுத்தாள். கஞ்சி வரிசையிலிருந்த பெண்களே அண்டாவைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். மாதவியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு முத்து பீவி பின்னால் உட்கார்ந்தார்.

நெடுஞ்சாலையில் வேலை விட்டுத் திரும்பும் வண்டிகள் ஊர்ந்தன. சற்றுத் தொலைவில் ஒரு சூராவிலிருந்து, சிறு தொழுகைக்கூடத்திலிருந்து, பாங்கு கேட்டது. முத்து பீவி அசையவில்லை. ஷாமினி தண்ணீர்ப் புட்டியைத் திறந்து அவர் வாயருகே நீட்டினாள்.

"நோன்பு தொறங்க ஆன்டி."

"எனக்கெதுக்குடீ தண்ணி. நல்லா இருக்கன்னு நான்தானே இவகிட்டச் சொன்னேன். நான் வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா, இவ கிளினிக்குக்குப் போயிருப்பா."

"அந்த டிக்க வச்சது நாங்க ஆன்டி. எண்ணு எங்ககிட்ட வந்து சேந்துச்சுன்னு மட்டும்தான் அதுக்கு அர்த்தம். அன்னைக்கு நான் அவசரமாச் சொல்லிட்டுப் போயிட்டேன். உங்க மனசுல நிக்கிற மாதிரி சொல்லல." ஷாமினி புட்டியை இன்னும் நீட்டியபடியே இருந்தாள். "நீங்க கஞ்சிக்கு வந்த கையப் புடிக்கலேன்னா, இந்த எண்ணு எனக்கு வந்தே இருக்காது. கம்ப்யூட்டர் உங்க வீட்டையே லிஸ்ட்லேருந்து தூக்கச் சொல்லிச்சு ஆன்டி. நானும் தூக்கப் பாத்தேன்."

மாதவி கண்ணைத் திறக்காமலே கையைத் தூக்கி, முத்து பீவியின் முகவாயைத் தொட்டாள். "குடிங்கக்கா. எனக்காகக் காலையிலேருந்து பட்டினி கெடந்த மாதிரி அழுவுறீங்க."

அந்த அம்மாளுக்கு அழுகையிலும் சிரிப்பு வந்துவிட்டது. "பிஸ்மில்லாஹ்" என்று ஒரு மிடறு குடித்தார். புட்டியை முன்னால் இருந்த கணவருக்கு நீட்டினார்.

*

மருத்துவமனையில் உடனே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். நேரத்தோடு கொண்டு வந்துவிட்டீர்கள், தாமதித்திருந்தால் வலிப்பு வந்திருக்கும் என்று அங்கிருந்த பெண் மருத்துவர் சொன்னார். ஷாமினி வெளியே வந்து சுவரோரம் நின்று டாக்டர் சிவநேசனை அழைத்தாள். எல்லாவற்றையும் அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"நமக்கு ஏம்மா எச்சரிக்கை வரல?"

"மூணு தடவ தொடர்ந்து வந்தாத்தானே வரும் சார். அவங்க எண்ணு ஒன்னு, அதுக்கப்புறம் மத்தவங்க எண்ணு. தொடரவே இல்ல."

"அந்த விதிய எழுதினவன் நான்தான்." மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஒரு மெஷினுக்கு ஒரு ஆளுன்னு நெனச்சு எழுதினேன். நம்ம ஜனங்க வீட்டுல எது ஒரு ஆளோட நின்னிருக்கு? சரி, பூட்ட வேணாம். எச்சரிக்கைய மாத்திடுவோம், ஒரு தடவ வந்தாலே போதும். நீ அங்கேயே இரு. அந்தப் பிள்ளையப் பத்தி எனக்குச் சொல்லிக்கிட்டே இரு."

குழந்தையை அறுவை செய்துதான் எடுத்தார்கள். பெண். இரண்டு உள்ளங்கைகளில் அடங்கிவிடுவாள் போல் இருந்தாள், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். ஆனால் வீறிட்டு அழுதாள். ஈப்போவிலிருந்து விரைந்து வந்த மாதவியின் கணவன் விமலன் அந்தக் கண்ணாடியில் நெற்றியை வைத்து நின்றதைப் பார்த்த பிறகு, மறுநாள் காலையில்தான் ஷாமினி அறைக்குத் திரும்பினாள்.

சிவப்பு வரி இன்னும் அங்கேயே காத்திருந்தது. "நீக்கலாமா?"

அவள் நீக்கினாள். அந்த எண்கள் முத்து பீவியுடையவை அல்ல. ஆய்வில் அவை இருக்கக் கூடாது. ஆனால் இந்த முறை, எதை நீக்குகிறோம் என்று தெரிந்து நீக்கினாள். பிறகு, முன்னால் யோசிக்காமல் நீக்கிய வீடுகளின் தொலைபேசி எண்களை எடுத்து ஒவ்வொன்றாக அழைத்து, "நல்லா இருக்கீங்களா?" என்று விசாரித்தாள். நமக்குப் பிழையாகத் தெரியும் எண்ணும் இறைவனிடத்தில் ஒரு முகத்தோடுதான் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

பெருநாளுக்குச் சில நாள் முன்பு அவள் வார்டுக்குப் போனபோது, முத்து பீவி அங்கே இருந்தார். பக்கத்துக் கட்டில்காரர்களுக்கும் கஞ்சி கொண்டுவந்திருந்தார். தாதி வந்து மாதவியின் கையில் பட்டையைச் சுற்றினாள். முத்து பீவி பேச்சை நிறுத்திவிட்டுத் திரையையே பார்த்தார். அங்கே பச்சை டிக் இல்லை. எண் இருந்தது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஒவ்வொரு இலக்கமாக வாய்விட்டுப் படித்தார்.

"இது நல்ல எண்ணாடீ?"

"நல்ல எண்ணு ஆன்டி."

"சும்மா சொல்லாத."

"உண்மையாத்தான்."

அவர் ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு தூக்குச்சட்டியைத் திறந்தபடி, தாதியைப் பார்த்து, "நீயும் கைய நீட்டும்மா, கஞ்சி ஊத்துறேன்" என்றார்.