முனிவேல் வீட்டுக் கோடாலி

வேப்பனப்பள்ளி முனிவேல் வீட்டில் எட்டு வருஷமாக ஒரு கோடாலி அந்தரத்தில் நிற்கிறது. கயிறு இல்லை, ஆணி இல்லை. வாசலுக்குக் குறுக்கே, ஆள் நெஞ்சு உயரத்தில் படுத்தவாக்கில் நிற்கிறது.

முனிவேல் மரம் வெட்டுகிறவன். சூளகிரிப் பக்கம் கம்பெனிகள் வர வர மாந்தோப்புகள் கைமாறின. அவனுக்கு ஓயாத வேலை. அவன் கோடாலியை அதன் இரும்புத் தலைக்குக் கீழே ஒற்றை விரலில் தாங்கினால் தராசு முள் மாதிரி நிற்கும். ஒருநாள் அதன் மரக்காம்பு விரிசல் விட்டது. மறுநாள் ஜேசிபி வருகிறது, மரங்கள் இன்றே விழவேண்டும் என்று தோப்பை வாங்கியவர்கள் விரட்டினார்கள். ஓசூரில் வெல்டராக இருந்த பிரேம்குமார், முனிவேலின் மனைவி முனிலட்சுமிக்குத் தம்பி, இரும்புக் குழாயைக் காம்பாகப் பற்றவைத்துக் கொண்டுவந்தான். முனிவேல் விரலில் வைத்ததும் கோடாலி பின்பக்கம் சாய்ந்தது. வெட்டுவாய் ஒருபக்கமாகத் திரும்பியது.

"பிடி கனமாயிடுச்சுடா. வெட்டு சறுக்கும்."

"ஒரு நாளைக்குத்தான மாமா. நானே வெட்டறேன், குடு."

முனிவேல் கொடுத்தான். கோடாலி மாமரத்தில் சறுக்கி பிரேம்குமாரின் தொடையில் இறங்கியது. கம்பெனி ஷிப்ட் பஸ்களுக்கு நடுவே ஆம்புலன்ஸ் நகராமல் நிற்க, அங்கேயே உயிர் போனது. தாயில்லாத அவன் மகள் சௌமியாவை முனிலட்சுமி இடுப்பில் தூக்கிவந்தாள். அன்றோடு புருஷனிடம் பேச்சை நிறுத்தினாள்.

முனிவேல் குழாயை அறுத்தெறிந்தான். கருவேலங்காம்பு போட்டுக் கண்ணாடிச் சில்லால் சுரண்டினான். வேலைக்குப் போகாமல், மழைக்காலம் முடியும்வரை சுரண்டினான். ஒரு மத்தியானம் வாசலில் நின்று கோடாலியை விரலில் வைத்தான். இம்மியும் சாயவில்லை. விரலை எடுத்தான். கோடாலி விழவில்லை.

முனிலட்சுமி அடுப்படியிலிருந்து வந்து பார்த்தாள். தம்பி செத்த பிறகு முதல் தடவையாகப் புருஷனிடம் வாய் திறந்தாள்.

"அன்னிக்கு இந்தப் பொறுமை எங்க போச்சு உனக்கு?"

முனிவேல் கோடாலியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான், அசையவில்லை. டிராக்டரில் கட்டி இழுத்தார்கள், கயிறுதான் அறுந்தது. சேதி கேட்டுக் கர்நாடகாவிலிருந்துகூட வந்தவர்கள் அதைக் கும்பிட்டுக் குங்குமம் வைத்தார்கள். முனிலட்சுமி ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். பிறகு கூட்டம் குறைந்தது. முனிவேல் ஒரு கம்பெனிக்குக் காவலுக்குப் போகிறான். வீட்டுக்கு வருகிறவர்கள், தபால்காரர் உட்பட, குனிந்துதான் வருகிறார்கள். சௌமியா மட்டும் அதன் அடியில் நிமிர்ந்து ஓடிக்கொண்டிருந்தாள்.

இந்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்த அன்று, புது யூனிபார்மில் வெளியே ஓடியவளின் நெற்றி காம்பில் இடித்தது.

"இனிமே குனிஞ்சு போ கண்ணு," என்றாள் முனிலட்சுமி.

சௌமியா நெற்றியைத் தேய்த்துக்கொண்டே குனிந்து போனாள்.