பூண்டில்லாத தலைத்திதிக் கீரை

பக்கத்தில் வந்து உட்காருங்கள் கண்ணுகளா. கீரைக்குப் பூண்டு போடுவதா வேண்டாமா என்று கொரியாவில் ஆன்டோங் ஊரில் ஒருத்தி தவித்த கதையைச் சொல்கிறேன்.

அன்று ஒக்பூனின் புருசன் கிதேவுக்குத் தலைத்திதி. சாயங்காலப் படையலுக்குப் பெரணித் தண்டும் வெள்ளை வேரும் வதக்கி முடித்தாயிற்று. பசலைக்கீரையைக் கொதிநீரில் காட்டியெடுத்து, பிழிந்து வைத்தாள். கை தன்பாட்டுக்குப் பூண்டு டப்பாவுக்குப் போனது.

கிதேவின் அண்ணி மல்சூன் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"அடியே! பூண்டு வாடைக்கு ஆவி வாசலோட திரும்பிரும். உம் புருசனக் கூப்புடுறியா, வெரட்டுறியா?"

"பூண்டு இல்லன்னா அவரு கீரையத் தொடமாட்டாருக்கா. மாட்டுக்கு வைம்பாரு."

"செத்தவங்களுக்கு நாக்கு மாறிப்போயிரும்டி."

"நான் ஆயுசு பூரா கத்தியும் மாறாத நாக்கு, ஒரே வருசத்துல மாறிருமா?"

மல்சூனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே டப்பாவை எடுத்து, ஒக்பூனுக்கு எட்டாத மேல்தட்டில் வைத்தாள்.

போட்டால் அவர் வரமுடியாது. போடாவிட்டால் வந்தும் பட்டினி. ஒக்பூன் நல்லெண்ணெயும் சோயாச் சாறும் வறுத்த எள்ளும் சேர்த்துக் கையால் பிசைந்தாள். படையலுக்கு முன்னால் வாயில் வைத்துப் பார்க்கவும் கூடாது. உப்பு நின்றதோ என்னவோ. இன்னும் ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டாள். வேறென்ன செய்வாள்?

மகன் சாங்யோல் மது வார்த்து வணங்கினான். அப்பாவின் சாப்பாட்டுக் குச்சிகளைக் கீரைத்தட்டின் மேல் வைத்தான். போனவர் நிம்மதியாகச் சாப்பிடட்டுமென்று எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள்.

"சாப்புடுறாராக்கா?"

"பேசாம இருடி, மனுசனுக்குப் புரையேறப் போவுது."

மகன் உள்ளே இருப்பவருக்குக் கேட்கும்படி கனைத்துவிட்டுக் கதவைத் திறந்தான். ஒக்பூனின் கண் நேரே கீரைத்தட்டுக்குப் போனது. பிடிக்காத தட்டைக் குச்சி நுனியால் அவள் பக்கம் தள்ளிவிடுவது கிதேவின் வழக்கம். தட்டு இம்மிகூட நகரவில்லை.

"பாத்தியா, தள்ளல. சாப்புட்டுட்டாரு," என்றாள் மல்சூன்.

"வராமயே இருந்திருந்தாலும் இப்படித்தானக்கா இருக்கும்."



அப்புறம் எல்லாரும் உட்கார்ந்து படையலைப் பகிர்ந்து சாப்பிட்டார்கள். ஒக்பூன் அந்தக் கீரையில் ஒரு வாய் வைத்தாள். சப்பென்று இருந்தது.

"நான் திட்டுறதுக்காவது ஒரு தள்ளு தள்ளியிருக்கலாம்ல," என்று தட்டைப் பார்த்துச் சொன்னாள்.

உங்கள் வீட்டில் உப்பில்லை, உறைப்பில்லை என்று குறை சொல்லுகிற வாய்களெல்லாம் நூறு வருசம் சொல்லிக்கொண்டே இருக்கட்டும், கண்ணுகளா.