பின்பாதி மட்டும் தெரிந்தவன்

திருச்சி சாலையில் ஓடும்போது கிளெமென்ட்டும் பெருமாள்சாமியும் பேசிக்கொள்வதில்லை. செபம் சொல்வார்கள். 'அருள் நிறைந்த மரியே'யின் முன்பாதியை கிளெமென்ட் சத்தமாகச் சொல்வான், வீட்டில் செபமாலையின்போது அவன் அப்பா சொல்வதைப்போல. பின்பாதி பெருமாள்சாமியுடையது. ஒருவன் சொல்லும்போது மற்றவன் மூச்சை நிரப்பிக்கொள்ளலாம். சொல் நடுவில் அறுந்தால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம், குறைத்துக்கொள்வார்கள். கடிகாரம் இல்லாத இருவருக்கும் அதுதான் அளவு.

பெருமாள்சாமி வடமதுரைப் பக்கத்து விவசாய வீட்டுப் பிள்ளை. திண்டுக்கல் மார்க்கெட்டில் பூ மூட்டைகளை இறக்கிவிட்டு ஓட வருவான். கிளெமென்ட் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தான். காலைப் பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து நேராக வருவான். கோயில் ஒலிபெருக்கியில் கூட்டமாக வரும் பதிலைக் கேட்டுக் கேட்டே பெருமாள்சாமிக்குப் பின்பாதி மனப்பாடமாகிவிட்டது. முன்பாதி மட்டும் அவனுக்கு ஏறவே இல்லை. கிளெமென்ட் அதைச் சொல்லும் நேரமெல்லாம் இவன் காதில் தன் மூச்சுதான் இருக்கும்.

"முன்பாதியையும் கத்துக்கயேன்டா" என்று கிளெமென்ட் ஒருமுறை சொன்னான்.

"எதுக்குப்பா? அதுக்குத்தான் நீ இருக்கியே. முழுசும் கத்துக்கிட்டேன்னு வையி, எனக்கு ஞானஸ்நானம் ஆயிருச்சுன்னு எங்கப்பா பஞ்சாயத்தக் கூட்டிருவாரு."

அந்த வருடம், தொண்ணூற்றேழு மாசியில், வடமதுரையிலிருந்து திண்டுக்கல் வரை ஓட்டப் பந்தயம் வைத்தார்கள். முதலில் வருபவனை மட்டும் சென்னைக்கு, ரயில்வேயில் விளையாட்டுக்காரர்களை வேலைக்கு எடுக்கும் தேர்வுக்கு அனுப்புவார்கள். இருவருக்கும் அதுவே கடைசி வாய்ப்பு. அடுத்த வருடம் வயது தாண்டிவிடும்.

"ஊர் எல்லை பெட்ரோல் பங்க் வரைக்கும் சேர்ந்தே போவோம்" என்றான் பெருமாள்சாமி. "அதுக்கப்புறம் அவனவன் பாடு."

கிளெமென்ட் சரி என்றான். அதற்கப்புறம் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியும். கடைசி நேர வேகத்தில் பெருமாள்சாமியை அவன் ஒருநாளும் முந்தியதில்லை. பல இரவுகள் அதையே யோசித்துக்கொண்டு படுத்திருந்தான். யாரிடமும் சொல்லவில்லை.

பந்தயம் தொடங்கியதும் பையன்கள் கூட்டமாகப் பாய்ந்து போனார்கள். இவர்கள் பின்னால் தங்கினார்கள். முன்பாதி, பின்பாதி. வெயில் ஏற ஏற, முன்னால் பாய்ந்தவர்கள் ஒவ்வொருவராக விலாவைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நின்றார்கள். இவர்கள் யாரையும் துரத்தவில்லை. அவர்களே வந்து சேர்ந்தார்கள். சீக்கிரமே இவர்களுக்கு முன்னால் யாரும் இல்லை.

தாமரைப்பாடி தாண்டியதும் ஒரு டிவிஎஸ் பிஃப்டி பக்கத்தில் வந்தது. பெருமாள்சாமியின் மாமா பொன்னழகு.

"ஏலே பெருமாளு, என்னடா எழவு வீட்டுக்குப் போறவன் மாதிரி போற? வாயில வேற என்னமோ முணுமுணுக்குற! மந்திரமா?"

பெருமாள்சாமி சிரித்தான். பின்பாதி நின்றுபோனது.

"அந்தாளோட சோடி போட்டுக்கிட்டே போயி ரெண்டாவதா வரப்போறியா? ஓடுறா அப்பு! இம்புட்டு தூரம் வந்துட்டு என்னடா யோசன?"

கிளெமென்ட் முன்பாதியைத் தொடங்கினான். பதில் வரவில்லை. பெருமாள்சாமி அவனை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். கைகளை வீசிக்கொண்டு முன்னால் போய்விட்டான். டிவிஎஸ் பிஃப்டியும் புகைவிட்டபடி அவனோடு போனது.

சாலை வெறுமையானது. கிளெமென்ட்டின் கால்கள் தாமாகவே வேகம் எடுக்கப் பார்த்தன. அவன் விடவில்லை. முன்பாதியைச் சொன்னான். பிறகு பின்பாதிக்கு ஆகும் நேரம் முழுவதும் வாயை மூடி மூச்சை இழுத்தான். மறுபடி முன்பாதி. அந்த இடைவெளியில் தன் பாதங்கள் தாரில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. பக்கத்தில் இன்னொரு ஜோடி கால்கள் இல்லாதது உடம்பின் ஒரு பக்கம் திறந்து கிடப்பதுபோல் இருந்தது. தொடைகள் கனத்தன. தூரத்தில் திண்டுக்கல் மலை அப்படியே நின்றது, எவ்வளவு ஓடியும் கொஞ்சமும் பெரிதாகாமல்.

ஒரு வளைவு திரும்பியதும் பெருமாள்சாமியின் முதுகு தெரிந்தது. மாமாவைக் காணவில்லை, முடிவிடத்தில் காத்திருக்கப் போயிருப்பார். பெருமாள்சாமியின் தோள்கள் காதுவரை ஏறியிருந்தன. தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. நெருங்க நெருங்க அவன் குரல் கேட்டது. வேகத்தைப் பிடித்துக்கொள்ளத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். பின்பாதி முடிந்ததும் மறுபடி பின்பாதி. உடனே இன்னொரு பின்பாதி. நடுவில் மூச்சுக்கு இடமே இல்லை. அவனுடைய மூச்சு இருந்தது கிளெமென்ட்டின் பாதியில்.

கிளெமென்ட்டுக்குப் புரிந்துவிட்டது. ஒரே ஒருமுறை முன்பாதியை எடுத்துக் கொடுத்தால் போதும். அதைக் கேட்டதும் பழக்கத்தில் அவன் வாய் அடங்கிவிடும். நாலைந்து சுற்றில் அவனுக்கு மூச்சு திரும்பும். பெட்ரோல் பங்க் வந்ததும் அவன் பறந்துவிடுவான். சென்னைக்கு அவன் போவான்.

வாய் திறந்தது. முதல் சொல் நாக்குவரை வந்தது.

கிளெமென்ட் அதை விழுங்கினான். தாரிலிருந்து இறங்கி, சாலையோரத்துப் புழுதி மண்ணில், சத்தம் எழாமல், புளிய மரங்களின் அந்தப் பக்கமாக ஓடிக் கடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை. பின்பாதி கொஞ்ச தூரம் அவன் பின்னாலேயே வந்தது. பிறகு தேய்ந்தது. பிறகு இல்லை.

முடிவிடத்தில் மாலை போட்டார்கள். குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்தார்கள். பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். யாரோ முதுகில் தட்டிக்கொண்டே இருந்தார்கள். கிளெமென்ட் பந்தலின் ஒரு மூலையில் உட்கார்ந்து சாலையைப் பார்த்தான்.

வெகுநேரம் கழித்து, கூட்டம் கலைந்தபின், மாமாவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து பெருமாள்சாமி வந்தான். வழியில் விழுந்திருக்க வேண்டும், முழங்கால் சிராய்த்திருந்தது. மாமா வண்டியைவிட்டு இறங்கவில்லை. பெருமாள்சாமி மெதுவாக வந்து கிளெமென்ட்டின் பக்கத்தில் உட்கார்ந்தான். மாலையைத் தொட்டுப் பார்த்தான்.

"மல்லி வாடிருச்சு. நேத்துப் பூவு. உன்ன நல்லா ஏமாத்திட்டாய்ங்க."

கிளெமென்ட் சிரிக்க முயன்றான்.

"எப்பப்பா என்னத் தாண்டுன? கண்ணத் தொறந்து பாக்குறேன், நீ அங்க போய்க்கிட்டு இருக்க. பக்கத்துல வந்தப்ப ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்ல?"

கிளெமென்ட் மாலையைக் கழற்றினான். பெருமாள்சாமி பதிலுக்குக் காத்திருக்கவில்லை, அது அவனுக்குக் கேள்வியே இல்லை. முழங்காலிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டான்.

"தப்பு எம்மேலதான். மாமன் சொல்லுக்கு ஆடிட்டேன். சரி விடு. நீ போனாலும் ஒண்ணுதான், நான் போனாலும் ஒண்ணுதான். சென்னைக்குப் போறவரைக்கும் சேர்ந்து ஓடுவோம். நாளைக்குக் காலைல வாரேன், கால் வலிச்சாலும் வாரேன். இருப்பியா?"

"இருப்பேன்" என்றான் கிளெமென்ட்.

மறுநாள் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் சற்று நேரம் நின்றான். மார்க்கெட்டில் பூ இறங்கும் நேரம் அது. பிறகு திருச்சி சாலைப் பக்கம் திரும்பாமல், பழனி சாலையில் ஓடத் தொடங்கினான். வாய் மூடியே இருந்தது. எந்த வேகத்தில் ஓடுகிறோம் என்று அவனுக்குத் தெரியவில்லை.