கீழ்த்தட்டுக் கட்டுகள்

ஆவணக் காப்பகத்தில் முப்பது வருடமாகக் கட்டு தூக்குகிறேன். வக்கீல், மாணவர், பூர்வீகம் தேடுபவர் என்று யார் யாரோ கேட்டதை, கட்டின் எண்ணை மட்டும் பார்த்து எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஐம்பது வயதில் எழுத்துக் கற்றதும் எனக்காக ஒரு சீட்டு எழுதினேன்: என் தம்பி செத்த சுரங்க விபத்தின் விசாரணைப் பதிவேடு.

"என்னண்ணே, நீங்களும் ஆராய்ச்சியா?" என்று சிரித்தார் எழுத்தர்.

"அவன் கவனமில்லாம செத்தான்னு கம்பெனி சொல்லுச்சு. கூட இருந்தவங்க என்ன சொன்னாங்கன்னு படிக்கணும்."

பட்டியலைப் பார்த்தவருக்குச் சிரிப்பு நின்றது. "வெள்ளம் வந்தப்ப போயிருக்குண்ணே. கீழ்த்தட்டு."

இடுப்பு வலிக்குப் பயந்து, கனமான கட்டுகளையெல்லாம் எதுவென்று தெரியாமலே கீழ்த்தட்டில் அடுக்கியவன் நான்தான். தண்ணீர் வடிந்தபின் கூழான காகிதத்தை மண்வெட்டியால் அள்ளிக் கொட்டியவனும் நானே.