சனிக்கிழமை லீவு

கூடாரத்துக்குள் குளியல் தொட்டி எதற்கு என்று நான்தான் கேட்டேன். நேரில் கேட்கவில்லை. கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து சீட்டுக்காரிக்குக் கேட்காமல் வாயைப் பொத்திக்கொண்டு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். சாப்பாட்டு நேரத்தில் லாக்கரைத் திறந்து போனை எடுத்தபோது பதில் வந்து கிடந்தது.

"கோட்டை ஏறி இறங்குனா காலு கடுக்கும்லா மாரி. தொட்டியில வெந்நி ரொப்பி உன் காலை உள்ள போடச் சொல்லிட்டு, நான் வாசல்ல உக்காந்து மலையைப் பாத்துக்கிட்டு இருப்பேன். செஞ்சி ராணிக்கே இப்படி ஒரு கவனிப்பு இருந்திருக்காது, பாத்துக்க."

இப்படிப் பேசுகிற புருஷன் யாருக்குக் கிடைப்பான்? எனக்குக் கிடைத்தான். போனில் மட்டும்.

என் பெயர் தங்கமாரி. கோவில்பட்டிப் பக்கம். அவர் சுடலை, எங்களுக்குத் தூரத்துச் சொந்தம், அதனால் அத்தான். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகப்போகிறது. மண்ணூரில் ஜோதியக்கா வீட்டு மாடியில் ஒற்றை அறை, கதவைத் திறந்தால் மொட்டை மாடி. நான் போனுக்குப் பாகங்கள் செய்கிற கம்பெனியில் லைனில் நிற்கிறேன், அவர் காருக்குப் பாகங்கள் செய்கிற கம்பெனியில். இரண்டு இடத்திலும் வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். எந்தப் புண்ணியவான் போட்ட அட்டவணையோ, எனக்குப் பகல் என்றால் அவருக்கு ராத்திரி, எனக்கு மாறினால் அவருக்கும் மாறிவிடும். என் பஸ் கிளம்பும்போது அவர் பஸ் எதிரே வரும். ஜன்னலில் ஒரு கை தெரியும். அது அவர் கைதானா என்றுகூட நிச்சயமில்லை, நானும் பதிலுக்கு ஆட்டிவைப்பேன். ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவருக்கு ஓ.டி. இருக்கும். இல்லையென்றால் அவர் தூங்குவார், நான் துணி துவைப்பேன்.

ஊரிலிருந்து மாமியார் போன் செய்து, "விசேஷம் ஏதும் உண்டா?" என்பார். அதுக்கு மொதல்ல ரெண்டு பேரும் ஒரே ஷிப்டுல இருக்கணும் அத்தை என்று நாக்கு நுனி வரைக்கும் வரும். முழுங்கிக்கொள்வேன்.

வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் விழித்திருந்தாலும் என்ன வாழ்கிறது? "சாப்ட்டியா", "மோட்டார் போட்டியா", அவ்வளவுதான். முகத்தைப் பார்க்காமல் கேட்டுவிட்டுப் போர்வையை இழுத்துக்கொள்வார். போனில் அத்தனை கதை அளக்கிறவர் இவர்தானா என்று எனக்குச் சந்தேகம் வர ஆரம்பித்தது. சந்தேகம் என்ன, பயம். போனில் இருப்பவர் வேறு, வீட்டுக்கு வந்து தூங்குகிறவர் வேறு என்றால் நான் யாரோடு குடும்பம் நடத்துகிறேன்? எனக்கு ஒரே ஒரு முழு நாள் வேண்டும். இரண்டு பேரும் ஒன்றாக விழித்து, ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகத் தூங்குகிற ஒரு நாள். யாரைக் கட்டியிருக்கிறேன் என்று அதில் தெரிந்துவிடும்.

அந்த நேரத்தில்தான் இந்தக் கூடாரம் போனில் வந்து நின்றது. கிளாம்பிங் என்று பெயராம். வெளியே கூடாரம், உள்ளே கட்டில், வெள்ளை மெத்தை, ஏசி, மேற்படி தொட்டி. செஞ்சிக் கோட்டையை எதிரே பார்த்தபடி வயலோரத்தில் அடித்திருக்கிறார்கள். படத்தை அவருக்கு அனுப்பினேன். "போவோம்" என்று உடனே பதில் வந்தது. அன்றைக்கு லைனில் எனக்குக் கை ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம்.

அதற்கப்புறம் பத்து நாள் தூக்கமே பிடிக்கவில்லை. கோட்டையில் குரங்கு பையைப் பிடுங்குமாமே, அப்படியானால் முறுக்கு எடுத்துப்போகலாமா கூடாதா? திண்டிவனத்தில் இறங்கி மாறுவதா, நேர் பஸ் உண்டா? பையைக் கட்டுவேன், பிரிப்பேன், மறுபடி கட்டுவேன். ஒவ்வொன்றுக்கும் மெசேஜ் போடுவேன். அவரும் சளைக்காமல் பதில் அனுப்புவார். குரங்குக்கு ஒரு முறுக்கு, நமக்கு ஒரு முறுக்கு என்றார்.

லீவு கேட்கத்தான் உயிர் போயிற்று. சூப்பர்வைசர் ராஜசேகர் சார் ஏற இறங்கப் பார்த்தார்.

"சாட்டர்டேல லீவா? இன்னாம்மா, கல்யாணமா, காரியமா?"

"ரெண்டும் இல்ல சார். டூரு."

"லைன்ல ஆளே இல்லாம நான் முழிச்சிகினு கீறேன், டூரு போறியா நீ?"

அடுத்து வருகிற ஞாயிற்றுக்கிழமை எல்லாம் வருகிறேன் என்று கெஞ்சி, நச்சரித்து, அந்த மனிதர் என்னைக் கண்டாலே வேறு பக்கம் நடக்கும் அளவுக்குப் பின்னால் சுற்றி வாங்கினேன். அத்தானுக்கு அந்தத் தொல்லை இல்லை. "சனிக்கிழமை லீவு சொல்லியாச்சு மாரி" என்று ஒரே மெசேஜில் முடித்துவிட்டார். வெள்ளிக்கிழமை ராத்திரி ஷிப்ட் முடித்து விடிந்ததும் வருவார், குளித்ததும் கிளம்பிவிடலாம், பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கட்டும். தோள் வலித்தாலும் பரவாயில்லை என்று முடிவு செய்து வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் வேலை முடிந்து படியேறியபோது வாசலில் அவர் செருப்பு கிடந்தது. உள்ளே கட்டில் ஓரத்தில் லுங்கியோடு உட்கார்ந்திருந்தார்.

"ஷிப்டுக்குக் கிளம்பலியா அத்தான்?"

"லீவு இன்னைக்குத்தானாம்," என்றார் தரையைப் பார்த்து.

எனக்கு விளங்கவில்லை. துருவித் துருவிக் கேட்டதில் ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. ராத்திரி ஷிப்ட் எந்த நாளில் விடிகிறதோ அந்த நாள் கணக்கில்தான் அவர்கள் கம்பெனியில் சேருமாம். சனிக்கிழமை லீவு என்றால் சனிக்கிழமை விடிகிற ஷிப்ட், அதாவது இன்றைக்கு ராத்திரி. நாளை ராத்திரி அவர் வேலையில் நிற்க வேண்டும். எங்கள் கம்பெனியில் உள்ளே போகிற நாள்தான் கணக்கு, அதனால் எனக்கு இந்தக் கூத்து தெரியாது.

"மாத்திக் கேக்க வேண்டியதுதான?"

"ஆள் இல்லங்காங்க."

"இத்தனை நாளும் என்னத்த பாத்தீங்க?"

கட்டி வைத்த பையைத் தூக்கிப் பரண்மேல் எறிந்தேன். உள்ளே முறுக்கு நொறுங்கும் சத்தம் கேட்டது. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அங்கே நின்றால் ஏதாவது சொல்லிவிடுவேன் என்று குடத்தை எடுத்துக்கொண்டு கீழே தண்ணீர் பிடிக்கப் போனேன்.

குழாயடியில் ஜோதியக்கா நின்றிருந்தாள். அவள் புருஷன் தசரதனும் அத்தான் கம்பெனிதான்.

"இன்னாம்மா மாரி, பையெல்லாம் கட்டிகினு இருந்தியே. மூஞ்சி ஏன் இப்படிக் கீது?"

சொன்னேன். அக்கா சிரித்தாள்.

"எங்க வூட்டுக்காரரு சேந்த புதுசுல இதே கதைதான். தங்கச்சி வளைகாப்புக்கு லீவு சொல்லி ஏமாந்துகினு வந்தாரு. அப்பால உங்க வூட்டுக்காரருதான் இந்தக் கணக்கே சொல்லிக் குடுத்தாரு. இப்பகூட புதுசா வர்ற பசங்களுக்கு அவருதான் சொல்லித் தராராம்." சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். "அவரா தப்பா சொல்லிட்டாரு?"

குடம் நிறைந்து காலில் வழிந்தது. அக்காதான் குழாயை மூடினாள். குடத்தை அங்கேயே விட்டுவிட்டு மேலே வந்தேன்.

"வேணும்னே பண்ணீங்களா அத்தான்?"

எழுந்து உட்கார்ந்தார்.

"இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நம்பிக்கிடுதேன்."

சொல்லவில்லை. போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மறைந்துகொண்டார்.

இந்த நேரத்தில் யாருக்குப் போன்? அம்மாவுக்கா? இல்லை, வேறு யாராவது இருக்கிறாளா? ஒரு நாள் என்னோடு இருக்கப் பிடிக்காத மனிதருக்கு யாரோடு பேசப் பிடிக்கிறது என்று பார்த்துவிடலாம் என்று செருப்பில்லாமல் தொட்டி வரைக்கும் போனேன். அவர் எனக்கு முதுகைக் காட்டி நின்றார். போனை வாய்க்கு நேரே பிடித்திருந்தார்.

"மாரி, வேணும்னுதான் பண்ணேன். நீ கூடாரத்தப் பத்திப் பேசப் பேச எனக்குப் பயம் வந்துட்டு. ஒரு நாள் பூரா உன் முன்னால உக்காந்து என்ன பேச? எனக்கு நேர்ல ரெண்டு வார்த்தைக்கு மேல வராது. இவன் இவ்வளவுதானான்னு நீ கண்டுபிடிச்சிருவ. அதுக்கு அந்த பஸ் ஜன்னலே போதும்னு தோணிட்டு."

நிறுத்தினார். "சே" என்று தலையில் தட்டிக்கொண்டு அதை அழித்தார். மறுபடி ஆரம்பித்தார்.

"மாரி, தப்புதான். நான் என்ன சொல்லுதேன்னா..." அதையும் அழித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஏ ராணி, உன் ராஜா கோட்டையை விட்டுட்டு ஓடிட்டான் பாத்தியா..."

அந்தக் குரல்தான். நான் லாக்கர் பக்கத்தில் காதில் வைத்துக் கேட்டுச் சிரித்த அதே குரல். அது தானாக வந்த குரல் இல்லை. ஒவ்வொன்றையும் இப்படி எங்கேயோ ஒளிந்து நின்று பேசி, அழித்து, மறுபடி பேசித்தான் எனக்கு அனுப்பியிருக்கிறார். கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், இப்போதும் இருக்கிறது. ஆனால் பயம் போய்விட்டது. போனில் இருந்தவரும் வீட்டில் இருந்தவரும் ஒரே ஆள்தான்.

"மொதல்ல சொன்னதே நல்லாத்தான இருந்துச்சு," என்றேன்.

தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினார். போனை மறைக்க இடம் தேடினார். லுங்கியில் ஏது பை?

"எப்ப வந்த?"

"மொதல்லயே வந்துட்டேன். எல்லாத்தையும் இப்படித்தான் பேசிப் பேசி அழிப்பீங்களா?"

தலையை ஆட்டினார்.

"அந்த வெந்நி?"

"அது ஏழெட்டுத் தடவ."

சிரிக்கக் கூடாது என்று நினைத்தேன், வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. நான் அடிக்கப் போகிறேனா அழப் போகிறேனா என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

"கூடாரம் வேண்டாம்," என்றேன். "விடிஞ்சதும் மொத பஸ்ஸுல போய்க் கோட்டையை மட்டும் பாத்துட்டு, உங்க ஷிப்டுக்குள்ள திரும்பிருவோம்."

அவர் போனையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அவ்வளவு தூரம் பஸ்ஸுல என்ன பேச மாரி?"

"அழிச்சீங்கள்லா," என்றேன். "அதையெல்லாம் பேசுங்க."