பொதுநாள் வரிசை

அன்று அந்த வரிசையில் நின்றவர்கள் ஐந்து பேர். துறைமுகத்தில் பளுதூக்கி ஓட்டி, பிறகு பளுதூக்கி ஓட்டுகிறவர்களை மேய்த்து ஓய்வுபெற்ற மேஸ்திரி. தையற்கடையில் பொத்தான் தைக்கும் அவருடைய தங்கை. மருந்துக்கடையில் வேலை பார்க்கும், மேஸ்திரியின் மகள். மகளைக் கட்டிக்கொள்ளப் போகிறவனின் அப்பா, பஸ் டிரைவராக இருந்தவர். அவனுடைய அம்மா, ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். கட்டிக்கொள்ளப் போகிறவன் வரவில்லை. அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. மேஸ்திரியின் மனைவி இறந்து எட்டு மாதமாகிறது. வேறு யார் யாரோ நின்றதாகச் சொல்பவர்கள் அந்தப் பக்கமே வராதவர்கள்.

பிள்ளைகள் இருவரும் தாங்களே பேசி முடிவு செய்துவிட்டார்கள். பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பதுதான் பாக்கி. டிரைவரும் நர்ஸும் கடலைப் பார்க்காத ஊர்க்காரர்கள். காலை பஸ்ஸில் வந்து மாலை பஸ்ஸில் திரும்புவதாக ஏற்பாடு. கடலைப் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். பெண் எடுக்கும் வீட்டை எடைபோட வருகிறார்கள் என்பது மேஸ்திரிக்குத் தெரியாதா என்ன? மனைவியின் நோய் வீட்டைத் துடைத்து எடுத்துவிட்டுத்தான் ஓய்ந்திருந்தது. அந்த வெறுமை வந்தவர்கள் கண்ணில் படக்கூடாது. அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வேண்டியது என்று சொன்னாலும் அதில் ஆசை, பதைப்பு எதுவும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்டபின் கன்னத்தைத் தொட்டால் கை படுவது கைக்குத் தெரியும், கன்னத்துக்குத் தெரியாது. எட்டு மாதமாக அவருக்கு எல்லாமே அப்படித்தான். மானம் ஒன்றுதான் பழக்கதோஷத்தில் தானாக ஓடிக்கொண்டிருந்தது.

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு நாளைத் திட்டம் போட்டு எழுதினார். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அந்த நகரத்தில் பல கதவுகள் சும்மா திறந்திருக்கும். அதற்கு அவர் வைத்திருந்த பெயர் பொதுநாள். இலவசம் என்ற சொல் அவர் வாயில் வராது. எல்லோருக்கும் திறந்து வைப்பது வேறு, இல்லாதவனுக்குக் கொடுப்பது வேறு; முதலாவதில் தலை நிமிர்ந்து நுழையலாம், இரண்டாவதன் வாசற்படியைக்கூட நம் வீட்டார் மிதிப்பதில்லை என்பது அவர் கொள்கை.

ஏழரைக்கு மீன் ஏலம். கூடை கூடையாக இறங்கியதை டிரைவர் பத்து நிமிடம்தான் பார்த்தார். அதற்குள் ஐஸ் லாரி ஒன்று பின்னால் வரத் திணறுவதைக் கண்டுவிட்டார்.

"வா, வா, வா. இடது ஒடி. இன்னும் ஒடி. நிறுத்து."

லாரிக்காரன் இறங்கி வந்து அவருக்குக் கை கொடுத்தான்.

"கடலைக் காட்டக் கூட்டிட்டு வந்தா லாரியப் பாக்கறாரு" என்றார் நர்ஸ். "வீட்டுலயும் இதே கதைதான். நான் கட்டிலை நகர்த்தினாக்கூட பின்னால நின்னு கை காட்டுவாரு."

ஒன்பதரைக்குத் துறைமுக அருங்காட்சியகம். பழைய கப்பல் வைத்தியரின் ரம்பம் ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. நர்ஸ் அதன்முன் வெகுநேரம் குனிந்து நின்றார். "இதை வெச்சா காலை அறுத்தாங்க? பல்லெல்லாம் இவ்வளவு பெருசா இருக்கே" என்று யாரிடமோ கேட்பதுபோலக் கேட்டார். பதினொன்றுக்குப் பூங்காவில் நகராட்சி பேண்டு. தங்கை கட்டிக்கொண்டு வந்திருந்த ரொட்டியும் அவித்த முட்டையும் அங்கேயே தீர்ந்தன. மேஸ்திரி தன் முட்டையை டிரைவர் பக்கம் தள்ளி, "காலையில கனமா சாப்பிட்டேன்" என்றார். நர்ஸ் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தட்டைக் கவனித்தார்.

பிறகு பழைய பீரங்கிச் சுவர். பிறகு கப்பல் வந்தால் தூக்கிக்கொள்ளும் பாலம். பிறகு அலைதடுப்புக் கற்கள்மேல் கோடிவரை நடை. டிரைவரின் கால் ஒவ்வொரு சாப்பாட்டுக்கடை வாசலிலும் ஸ்டாப் வந்ததுபோலத் தயங்கியது.

"இங்க எதுவும் வாயில வைக்க முடியாது" என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டு மேஸ்திரி விறைப்பாக முன்னால் நடந்தார்.

"சம்பந்தி, ஊரை நடந்தே அளந்து பட்டா குடுத்துடுவீங்க போலிருக்கே" என்றார் டிரைவர்.

"இன்னும் ஒண்ணுதான். கலங்கரை விளக்கம். மாசத்துல ஒருநாள்தான் மேல விடுவாங்க. நாலு மணிவரைக்கும்."

மூன்று மணி தாண்டியிருந்தது. விளக்கத்துக்குப் போகும் தெருவில், பழைய கிடங்கின் சுவரை ஒட்டி ஒரு வரிசை வளைந்து நின்றது. குழந்தைகளோடு சிலர், பை வைத்திருந்த சிலர், தனியாக வந்த கிழவர்கள் சிலர். மேஸ்திரி நேரே போய் வால்பக்கம் நின்றார். எதற்கு வரிசை என்று கேட்கவில்லை. இந்த ஊரில் அவர் யாரிடமும் வழி கேட்டதில்லை.

"அண்ணா" என்றாள் தங்கை மெதுவாக. "விளக்கத்துக்கு இது இல்ல."

"எனக்குத் தெரியும்."

"இல்லண்ணா, இது வேற."

"நாப்பது வருஷம் இந்தத் தெருவுல நடந்தவன் நான். நீ உன் பொத்தானைப் பாரு."

தங்கை பின்வாங்கினாள். டிரைவரின் அகலமான முதுகுக்குப் பின்னால் போய்த் தலையைக் குனிந்து நின்றாள். வெயிலுக்கு ஒதுங்குகிறாள் என்று மேஸ்திரி நினைத்துக்கொண்டார். மகள் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வரிசை நகர்ந்து மூலை திரும்பியபோது விஷயம் விளங்கியது. கலங்கரை விளக்கத்தின் வாசல் தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அங்கே நாலே பேர் நின்றார்கள். இந்த வரிசை கிடங்கின் கதவுக்குள் போயிற்று. உள்ளே நீளமான பெஞ்சுகள், பெரிய அண்டாக்கள், ஏப்ரன் கட்டிய இரண்டு பெண்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கிண்ணம் சூப்பு, ரெண்டு துண்டு ரொட்டி. இல்லாதவர்களுக்காக ஒரு சங்கம் நடத்தும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அது.

மேஸ்திரி விலகலாம் என்று பார்த்தார். விலகினால், தெரியாமல் நின்றோம் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல வாய் எழவில்லை. பின்னாலிருந்தவர்கள் தள்ள, ஐந்து பேரும் அண்டாவுக்கு முன்னால் வந்துவிட்டார்கள்.

கரண்டி பிடித்திருந்த பருத்த பெண் டிரைவரின் முதுகைச் சுற்றி எட்டிப் பார்த்தாள்.

"வாங்கக்கா. என்ன ஒளிஞ்சு நிக்கறீங்க? டப்பா ரெண்டும் எங்க? ஒரு ஞாயிறுகூடத் தவற மாட்டீங்களே, அண்ணனுக்கு அண்ணனுக்குன்னு."

தங்கைதான் சொன்னாள். "இதுதான் அண்ணன்."

"அட, கேரட்டை எடுத்துட்டு ஊத்தச் சொல்வீங்களே, அந்த அண்ணனா?" அந்தப் பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அவ்வளவு ருசி பாக்கறவரு ஒரு நாளாவது வந்து நல்லாருக்குன்னு சொல்லக்கூடாதா?" என்று சொல்லிக்கொண்டே, கரண்டியால் கேரட்டை ஓரமாக ஒதுக்கி அவர் கிண்ணத்தை நிரப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கை கடைக்குப் போய்வருவதும், வந்து அடுப்பைப் பற்றவைப்பதும், மேசையில் சூப்பு வருவதும் மேஸ்திரிக்குத் தெரியும். அடுப்பில் நடந்தது சுடவைப்பதுதான், சமையல் இல்லை என்பது தெரியாது. சமையலறைக்குள் அவர் எட்டிப் பார்த்ததில்லை. இப்போது கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஏதாவது வந்து தாக்கும் என்று நின்றார். காது அடைக்கும், கை நடுங்கும், நிலம் வாய் பிளக்கும். ஒன்றும் வரவில்லை. கிண்ணம் சூடாக இருந்தது. அது மட்டும் தெரிந்தது.

விருந்தாளிகள் நின்றுகொண்டிருந்தார்கள். மேஸ்திரி ஒரு பெஞ்சைக் காலால் இழுத்து நேராக்கி, கைக்குட்டையால் துடைத்தார்.

"உக்காருங்க சம்பந்தி. அம்மா, நீங்க இப்படி வாங்க, அங்க காத்தடிக்கும்." போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவருடைய வீட்டுக் கூடத்தில் என்ன செய்திருப்பாரோ அதையேதான் செய்தார்.

டிரைவர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத்தான் பேசினார். "படி ஏறணுமேன்னு பயந்துட்டிருந்தேன். புண்ணியமாப் போச்சு."

"சும்மா இருங்க" என்றார் நர்ஸ். தங்கையின் பக்கம் திரும்பினார். "எத்தனை நாளா?"

"அண்ணி படுத்ததுலேருந்து."

"அவருக்குத் தெரியாதா?"

"அவரு கேக்கலை. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"உனக்கு?" என்று மகளைக் கேட்டார்.

"தெரியும். ரெண்டு வாரம் நானே வந்து வாங்கிட்டுப் போனேன்" என்றாள் மகள்.

நர்ஸ் கிண்ணத்தை வைத்துவிட்டு மேஸ்திரியை நேராகப் பார்த்தார். நோயாளி மறைப்பதைக் கண்டுபிடித்துப் பழகிய பார்வை.

"காலையிலேருந்து நீங்க ஒண்ணும் சாப்பிடலை. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகாம ஊரைச் சுத்திக் காட்டினீங்க. ஏன்னு எனக்குப் பூங்காவுலயே தெரிஞ்சுபோச்சு."

"ஊர் நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார் மேஸ்திரி.

"நல்லாத்தான் இருந்துச்சு. கால்தான் போச்சு." நர்ஸ் செருப்பைக் கழற்றிப் பெஞ்சுக்கு அடியில் தள்ளினார். பிறகு மகளிடம், "கல்யாணப் பதிவுக்கு அடுத்த மாசமே எழுதிக் குடுத்துடலாம். ஒண்ணு மட்டும் சொல்றேன். எங்க வீட்டுல என்ன கஷ்டம்னாலும் வாயைத் திறந்து சொல்லிடணும். மூடி வெச்சுப் பெருமை பேசறது எனக்கு ஆகாது" என்றார்.

"சரிங்க அத்தை" என்றாள் மகள். அதுவரை அவள் நர்ஸை எந்த முறை சொல்லியும் கூப்பிட்டிருக்கவில்லை.

தங்கை மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். டிரைவர் மேஸ்திரியின் தோளில் கை வைத்தார். கை இருப்பது மேஸ்திரிக்குத் தெரிந்தது. முடிந்தது, மகள் காரியம் முடிந்தது என்று தனக்குள் சொல்லிப் பார்த்தார். அது வேறு யார் வீட்டுச் செய்தியோபோலக் கேட்டது. எதிரே கலங்கரை விளக்கத்தின் கதவை நாலு மணிக்கு இழுத்துச் சாத்தினார்கள்.

அந்தக் கிடங்கில் மேஸ்திரி விக்கி விக்கி அழுதார் என்றும், நர்ஸ்தான் முதுகைத் தடவித் தேற்றினார் என்றும் உறவுக்குள் ஒரு பேச்சு உலவுகிறது. தவறு. அவர் அழவில்லை. எழுந்து போய் இன்னொரு கிண்ணம் வாங்கிக்கொண்டு வந்தார்.