அடிக்கு முந்தைய அசைவு

என் அண்ணன் அடிப்பதற்கு முன் நாக்கால் இடது கன்னத்தை உள்ளிருந்து முட்டுவான். பிறகு வலது தோள் இறங்கும். அதன் பிறகுதான் கை வரும். கிடங்கில் மூட்டை தூக்கும் கை. ஓர் அறை விழுந்தால் அன்று முழுக்கக் காது இரைந்துகொண்டே இருக்கும். அப்பா போன பிறகு அவனுக்கு வீட்டு எஜமான் பட்டம் சூட்டியது அம்மாதான். அதன் பலனாக அவளுக்குப் போனது ஒரு கடைவாய்ப்பல்.

அவன் வேலைக்குப் போன பிறகு நான் முப்பரிமாண அனிமேஷன் கற்றேன். இணையத்தில் பாடம் நடத்தும் ஒரு மொட்டை வாத்தியார்தான் குரு. முன்னால் போகும் எதுவும் முதலில் சற்றுப் பின்னால் போக வேண்டும், ஓங்காத கைக்கு எடையே இருக்காது என்பார். ஒரு பந்தைக் குதிக்க வைக்க நான் படாதபாடு பட்டேன். அடி மட்டும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.

வெளியூர் ஸ்டூடியோ ஒன்று தேர்வு வைத்தது: ஒருவன் இன்னொருவனை அறைய வேண்டும். தேறினால் வேலை, தங்க விடுதி, இந்த வீட்டிலிருந்து விடுதலை. செய்து அனுப்பினேன். அறை பிரமாதம் என்று பதில் வந்தது. ஆனால் அடி வாங்குபவன் கை ஓங்கும் முன்பே ஒதுங்குகிறானே, அவனுக்கு எப்படித் தெரியும், மாலைக்குள் திருத்துங்கள் என்றார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எப்படித் தெரியுமாம்! ஒதுங்கலில் கை வைக்கவில்லை. அடிப்பவன் கன்னத்தில் ஒரு புடைப்பைச் சேர்த்தேன், பிறகு தோளை இறக்கினேன். அசைவுகளை முழுப் படமாக்கும் வேலையைக் கணினியில் ஓடவிட்டேன். மேஜைக்கடியில் கணினிப் பெட்டியின் விசிறி இரையத் தொடங்கியது. என் உயிரே அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்று, துடைப்பம் பட்டால்கூட அம்மாவிடம் எரிந்து விழுவேன்.

அன்று அண்ணன் சீக்கிரமே வந்துவிட்டான். வேலை விஷயம் எப்படியோ காதுக்கு எட்டியிருந்தது. குறுக்கே வந்த அம்மாவை அறைந்தான். கதவில் மோதி அவள் புருவம் கிழிந்தது. என் முடியைப் பிடித்து நாற்காலியோடு சாய்த்தான். அப்போதுதான் திரையைப் பார்த்தான். ஒரு கன்னம் புடைத்தது. ஒரு தோள் இறங்கியது. அவன் பிடி தளர்ந்தது.

"யாருடி இது?"

நான் எழுந்து திரைக்கு முன்னால் நின்றேன். "உனக்கே தெரியுது இல்ல?"

அவன் கன்னம் புடைத்தது. தோள் இறங்கும்வரை நான் காத்திருக்கவில்லை. ஒதுங்கினேன். என் முகத்துக்கு ஓங்கிய குத்து திரைக்குள் இறங்கியது. கண்ணாடி மணிக்கட்டைக் கிழிக்க, ரத்தம் விசைப்பலகையில் கொட்டியது. வலியில் வெறி ஏறி, மிச்சத் திரையையும் தரையில் அடித்து மிதித்தான். "இனி எங்கடி போவ?" என்றான்.

விசிறி இரைந்துகொண்டே இருந்தது. திரையைக் கணினி என்று நினைத்துவிட்டான் மடையன். ஆனால் அவன் காதும் செவிடில்லையே. 

அம்மா வந்தாள். புருவத்து ரத்தத்தைத் துடைக்கவில்லை. மேஜைக்கு முன்னால் நின்று புடவையால் பெட்டியை மறைத்துக்கொண்டாள்.

"எல்லாம் ஒடஞ்சு போச்சு. அதான் ஆசை தீர்ந்துச்சே. வா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்று அவன் கையில் துண்டைச் சுற்றினாள். அவன் தள்ளாடிக்கொண்டு வெளியே போனான்.

வாசலில் அவள் மட்டும் திரும்பினாள். "தையல் போட நேரமாகும். பெட்டிய ஹால் டிவியில மாட்டி, படத்த அனுப்பிட்டுக் கெளம்பு. நாங்க வரும்போது நீ இங்க இருக்கக் கூடாது."